கச்சேரியை விலைக்குக் கொடுங்கள்: சென்னை சபா காரியதரிசிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காரியதரிசிகளுக்கு,

வணக்கம். மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டை, நங்கநல்லூர், குரோம்பேட்டை என்று இந்த ஊரில் சபா நடத்துகிற எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். பெரிய சபா, சின்ன சபா என்ற பேதம் இல்லை. கோரிக்கை ஒன்றுதான்: உங்கள் மேடையில் நடக்கும் கச்சேரிகளை நல்ல தரத்தில் பதிவு செய்து, கணினியிலோ போனிலோ நாங்களே வைத்துக்கொள்ளும் கோப்பாக எங்களுக்கு விற்றுவிடுங்கள். வரும் பணத்தில் பெரும்பங்கு பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் போகட்டும்.

இலவசமாகக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இலவசத்துக்கு வழி ஏராளமாக இருக்கிறது. கச்சேரி முடிந்து நாங்கள் கேன்டீனில் காபிக்கு டோக்கன் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது வரிசையில் யாரோ போனில் பிடித்த மெயின் உருப்படி யூடியூபில் ஏறிவிடுகிறது. இருமல், செல்போன் மணி, பக்கத்து சீட்காரர் தொடையில் போடும் தாளம் எல்லாம் சேர்த்து. காசு கொடுத்து, முறையாக வாங்கி, நன்றாகக் கேட்க வேண்டும் என்றால்தான் இந்த ஊரில் வழியைக் காணோம்.

முன்பு இருந்தது. ஸ்பென்சர் பிளாசாவில் மியூசிக் வேர்ல்ட் இருந்தது, நுங்கம்பாக்கத்தில் லேண்ட்மார்க் இருந்தது. சீசன் சமயத்தில் சபா வாசலிலேயே மேஜை போட்டு, போன வருடக் கச்சேரிகளின் சிடியை விற்பார்கள். இன்று அப்படி ஒரு சிடி கிடைத்தாலும் அதைப் போட லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. ரிச்சி தெருவுக்குப் போய் யுஎஸ்பி டிரைவ் தனியாக வாங்கி வர வேண்டும். மியூசிக் வேர்ல்ட் நிறுவனம் 2013இல் கடையை மூடிவிட்டது.

இணையக் கடைகளின் கதை இன்னும் சோகம். ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை ஒன்று திறந்தது. பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போடாத எம்பி3 கோப்புகளைச் சில ரூபாய்க்கு விற்றது. மறு வருடமே மூடிவிட்டார்கள். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் ஸ்டோர் 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் கிடைத்ததும் சுருக்கிய 256 கேபிபிஎஸ் (விநாடிக்கு 256 கிலோபிட்) கோப்புதான். கூகுள் பிளே மியூசிக் 2016இல் இங்கே பாட்டு விற்கத் தொடங்கி 2020இல் போய்ச் சேர்ந்தது. அப்புறம் எல்லாமே மாதச் சந்தா என்றாகிவிட்டது. பாட்டு நம்முடையது அல்ல, வாடகை வீடு மாதிரி. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொள்ள முடியாது. 2024இல் மட்டும் ரெஸ்ஸோ, விங்க் என்று இரண்டு செயலிகள் இந்தியாவில் மூடப்பட்டன. ஆப்பிள் மியூசிக் 2021லிருந்து தரம் குறையாத ஒலியைத் தருகிறது என்பது உண்மை. அதுவும் சந்தா கட்டும்வரைதான்.

வாடகையே ஆனாலும் அது கலைஞருக்குப் போனால் சரி என்று பேசாமல் இருந்துவிடலாம். எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் வயிற்றெரிச்சல். மாதம் முழுவதும் நான் வீணை வாசிக்கும் ஒரே ஒரு வைணிகரை மட்டும் கேட்டாலும் என் சந்தாப் பணம் அவருக்கென்று தனியாகப் போவதில்லை. பெரும்பாலான சேவைகளில் வசூலான தொகை எல்லாம் ஒரே கணக்கில் சேர்கிறது. அந்த மாதம் மொத்தம் எத்தனை முறை என்னென்ன கேட்கப்பட்டது என்று பார்த்து, அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். நான் கேட்டதே இல்லாத பாட்டுக்கு என் பணத்தில் பெரும்பகுதி போகிறது.

இதில் கர்நாடக இசைக்கு என்று ஒரு தனி அடி இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் இது முழுசாகப் புரியாது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிட சினிமாப் பாட்டுக்கும் ஒரு எண்ணிக்கை, 45 நிமிட ராகம் தானம் பல்லவிக்கும் ஒரு எண்ணிக்கை. முக்கால் மணி நேரத்தில் ஒருவர் 15 சினிமாப் பாட்டுக் கேட்டால் 15 எண்ணிக்கை விழும்; அதே நேரம் உட்கார்ந்து தோடியில் பல்லவி கேட்டால் ஒன்று. விஸ்தாரமாகப் பாடினால் அபராதம் என்று எழுதாத குறைதான். அதோடு, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பதிவு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டியே கிடையாது. உங்கள் மத்தியான ஸ்லாட்டில் பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பல்லவிக்கு அந்த எண்ணிக்கையைத் தொடுவார்கள்?

கோடிக்கணக்கில் கேட்கப்படும் பாட்டுக்காரர்களும் நிம்மதியாக இல்லை. 2021இல் வந்து உலகமே கேட்ட ஒரு தமிழ்ப் பாட்டிலிருந்து தனக்கும் அதைப் பாடியவர்களுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். சினிமா உலகின் வழக்குகள் வேறு, அவை நீளமானவை. அங்கே போகவில்லை. கச்சேரி மேடையில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இனி தரம் பற்றி. இதில் கொஞ்சம் விவரமாகப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் ‘ஹெச்டி ஆடியோ’ என்று பட்டை ஒட்டி எதையாவது விற்றுவிடும் பழக்கம் வந்துவிட்டது.

1982இல் விற்பனைக்கு வந்த சிடியில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மனிதக் காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி இதற்குள் அடங்கிவிடும். இதை அப்படியே வைத்தால் விநாடிக்கு 1,411 கிலோபிட். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மீதியில் ஒரு பெரும் பகுதியை, காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு எறிந்துவிடுகிறது. எங்கே தெரியும் என்றால், தம்புராவில். ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக விழுந்த தம்புராவில் மேலே மேலே எழும்பும் நுண்ணிய ஸ்வரங்கள்தான் முதலில் அடிபடும். 128இல் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வழித்து எடுத்துவிடுவதால் தம்புரா தகர டப்பாவுக்குள் மீட்டியதுபோல் இருக்கும். கடமும் கஞ்சிராவும் இன்னொரு இடம். திடீரென்று விழும் அடிக்கு ஒரு கணம் முன்னாலேயே அதன் மங்கலான சாயல் கேட்கும். எம்பி3யின் சுருக்கும் முறையில் பிறவியிலேயே உள்ள கோளாறு இது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடியும்போது கவனித்தால் பிடிபடும்.

இதற்கு மாற்று ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம். ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதி 2001இல் முழு வடிவம் பெற்றது. கோப்பைப் பாதி சொச்சமாகச் சுருக்கும். திறந்தால் ஒரு பிட்கூட மாறாமல் பழையபடி வரும். யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று இணையத் தர ஆவணமாகவே வெளியிட்டுவிட்டார்கள், ஆகவே இருபது வருடம் கழித்துத் திறக்க முடியுமா என்ற கவலையும் வேண்டாம். ஒலியின் சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருப்பதால், டவுன்லோடு பாதியில் கெட்டுப்போனால் கண்டுபிடித்துவிடலாம். மூன்று மணி நேரக் கச்சேரி சிடி தரத்தில் 1.9 ஜிபி, ஃப்ளாக்கில் ஏறத்தாழ 1 ஜிபி. இன்றைய போனில் அது ஒரு சினிமா அளவுதான்.

அதற்கு மேல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று எங்களிடம் கூடுதல் விலை வாங்க வேண்டாம். பதிவு செய்யும்போது 24 பிட்டில் செய்யுங்கள், அது அவசியம். தார ஸ்தாயியில் பாடகர் திடீரென்று குரலை ஏற்றினாலும் ஒலி உடையாமல் இருக்க இடம் விட்டுப் பதிய முடியும். கேட்பதற்கு 16 பிட், 44.1 தாராளம். எங்களில் பலர் புளூடூத்தில்தான் கேட்கிறோம். அங்கே எப்படியும் மறுபடி ஒருமுறை சுருக்கித்தான் அனுப்புகிறது. அப்படியானால் ஃப்ளாக் எதற்கு என்று கேட்கலாம். ஃப்ளாக்கிலிருந்து நாளைக்கு வரப்போகும் எந்த வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம், மூலத்தின் தரம் குறையாது. எம்பி3யிலிருந்து மாற்றினால் ஒவ்வொரு தடவையும் தேயும். அதனால்தான்.

இன்னொரு விஷயம். இசையை இயந்திரம் தன் அளவுக்கு வெட்டியதுதான் நூறு வருடக் கதை. 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அந்தக் காலத்து மேதைகள் ஆலாபனையைச் சிமிழுக்குள் அடைத்துப் பாடினார்கள். எல்பியில் பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம், சிடியில் 74 நிமிடம். சபா வாசலில் விற்ற சிடிகளில் இடம் போதாமல், கடைசியில் வரும் சின்ன உருப்படிகளான துக்கடாக்களை வெட்டினார்கள், சில சமயம் தனியையே வெட்டினார்கள். கோப்புக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வர்ணத்திலிருந்து மங்களம் வரை, நடுவில் சுருதி சேர்க்கும் நேரம் உட்பட, முழுக் கச்சேரியையும் கொடுக்கலாம். பாடகர் பல்லவியின் நடையை விளக்கி இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதையும் விட்டு வையுங்கள்.

எப்படிப் பதிவு செய்வது என்பதை நான் உங்கள் மைக் செட்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில் பென்டிரைவைச் செருகினால் அல்லது லேப்டாப்பை இணைத்தால் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். கேட்பவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன். ஹாலுக்குப் போகும் கலவையை அப்படியே விற்காதீர்கள். ஹாலில் மிருதங்கத்தின் நேரடி ஒலியும் ஸ்பீக்கர் ஒலியும் சேர்ந்து கேட்கிறது. மிக்சரில் விழுவது அதில் ஒரு பாதிதான். ஹாலுக்குள் ஒரு ஜோடி மைக்கைத் தொங்கவிட்டு, அந்த ஒலியையும் கொஞ்சம் கலந்தால்தான் கச்சேரி கச்சேரியாக இருக்கும். எக்கோ போடாதீர்கள். சத்தம் பெரிசாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டமாக்காதீர்கள். கீழ் ஸ்தாயியில் பாடகர் முனகலாக நிரவல் தொடங்கும் இடமும் மூன்றாம் காலத்தில் ஸ்வரம் கொட்டும் இடமும் ஒரே சத்தத்தில் கேட்டால் அது என்ன கச்சேரி! வயலின்காரர் பிக்கப் வைத்திருந்தால் அந்த மெட்டாலிக் ஒலியைச் சரிசெய்ய வழி உண்டா என்று பாருங்கள். இது என் தனிப்பட்ட எரிச்சல், கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

ஆலாபனை, தானம், பல்லவி, தனி என்று பிரித்து வைப்பது நல்லதுதான், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இடைவெளி விழக்கூடாது. எம்பி3யில் கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளாக்கில் அது இல்லை. தானத்தின் கடைசி மீட்டலுக்கும் பல்லவியின் எடுப்புக்கும் நடுவில் ஒரு விக்கல் விழுவதை ரசிகர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

பெயர்கள்! செயலிகளில் நான் தேடித் தேடித் தோற்கும் விஷயம் இதுதான். பாடகர் பெயர் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று இருக்காது. ராகம் இருந்தால் தாளம் இருக்காது. எழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘பாரம்பரியம்’ என்று போட்டுவிடுகிறார்கள். கிருதிக்குள்ளேயே ‘குருகுஹ’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் தீட்சிதர், அவரையும் காணோம். ஃப்ளாக் கோப்பில் நமக்கு வேண்டிய தலைப்பில் வேண்டிய தகவலைச் சேர்க்கலாம். ராகம், தாளம், நடை, இயற்றியவர், பக்கவாத்தியம், தம்புரா போட்டவர், எந்தச் சபா, எந்தத் தேதி. தமிழிலேயே எழுதலாம். ஒலிப்பதிவு செய்தவர் பெயரையும் போடுங்கள். அவரும் கலைஞர்தான்.

உரிமை விவகாரத்துக்கு வருகிறேன். தயக்கம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, நிகழ்த்துகிறவரின் அனுமதி இல்லாமல் அவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து விற்க முடியாது. அனுமதி என்றால் மேடையில் ஏறிய எல்லோருடைய அனுமதியும்தான். உப பக்கவாத்தியத்தையும் சேர்த்து. கச்சேரிக்கு அழைப்புக் கடிதம் அனுப்பும்போதே ஒரு பக்கத்தில், தமிழில், புரியும்படி ஓர் ஒப்புதல் கடிதம் வையுங்கள். உரிமையை மொத்தமாக எழுதி வாங்காதீர்கள். விற்கும் அனுமதி மட்டும், அதுவும் ஐந்து வருடத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதே கச்சேரியைக் கலைஞர் வேறு இடத்தில் விற்க விரும்பினால் விற்கட்டும். பதிவைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று அவர் சொல்லவும் இடம் வேண்டும். தொண்டை கட்டிய நாளில் பாடியதை விற்க யாருக்குத்தான் மனசு வரும்? வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மூலப் பதிவின் பிரதி ஒன்றை எப்படியானாலும் அவருக்குச் சும்மா கொடுங்கள்.

பாடலை இயற்றியவர்கள் விஷயத்தில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகள் நமக்குச் சிரமம் வைக்கவில்லை. அண்மைக்காலத்தவர்களிடம் கவனம் வேண்டும். இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், ஆகவே அவர் கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை. லால்குடி ஜெயராமன் தில்லானாக்களுக்கு 2073 வரை, பாலமுரளிகிருஷ்ணா கிருதிகளுக்கு 2076 வரை. கச்சேரியின் கடைசியில் இவர்களில் ஒருவராவது வராமல் இருக்க மாட்டார். வாரிசுகளுக்கோ ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்புக்கோ, எது பொருந்துமோ அங்கே, உரிய பங்கைச் செலுத்த வேண்டும். கணக்கு வழக்குத் தெரிந்த ஒரு ஆளுக்கு இது பெரிய வேலை இல்லை. பாரதியார் பாடல் என்றால் கவலையே வேண்டாம். அதற்கும் ஒரு சென்னைக் கதை இருக்கிறது. சினிமா எடுப்பதற்கு முன்னால் மவுண்ட் ரோடில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரம் செய்தவர் ஏவி. மெய்யப்பன். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அவரிடம்தான் இருந்தது. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளைப் பொதுவுக்குக் கொண்டுவந்தபோது பணம் வாங்காமல் கொடுத்துவிட்டார்.

விலை உங்கள் இஷ்டம். என் அபிப்பிராயம்: முழுக் கச்சேரி 250 ரூபாய், மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஒரு கட்டம். பேண்ட்கேம்ப் என்ற அமெரிக்கத் தளம் 2008லிருந்து இப்படித்தான் நடத்துகிறது. கலைஞர் குறைந்தபட்ச விலை வைக்கிறார், பிடித்தவர்கள் கூடக் கொடுக்கிறார்கள், ஃப்ளாக் உட்பட வேண்டிய வடிவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள், தளம் 15 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். அங்கேயே விற்றுவிடலாமே என்று தோன்றும். சிக்கல், அங்கே கலைஞருக்குப் பணம் பேபால் வழியாகப் போகிறது. பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் இந்தியருக்கு இந்தியர் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பெர்லினில் இருக்கும் ரசிகர் திருவான்மியூர்க் கலைஞரின் பாட்டை வாங்கிவிடுவார், அடையாறில் இருப்பவர் திண்டாடுவார். ஆகவே வெளிநாட்டு ரசிகர்களுக்கு அது இருக்கட்டும். உள்ளூருக்கு யுபிஐ போதும். கேன்டீனில் போண்டாவுக்கு ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதே க்யூஆர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கச்சேரியை 200 பேர் வாங்கினால் 50,000 ரூபாய். அதில் முக்கால் பங்கு கலைஞர்களுக்கு என்றால் 37,500. 200 பேரும் 1 ஜிபி டவுன்லோடு செய்தால் மொத்தம் 200 ஜிபி. பெரிய கிளவுட் நிறுவனங்களின் வழக்கமான கட்டணத்தில் இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குள் முடிந்துவிடும். கலவை செய்பவருக்குக் கூலி, ஜிஎஸ்டி, கணக்காளர் போக உங்களுக்கும் கொஞ்சம் மிஞ்சும். சாயங்கால ஸ்லாட் நட்சத்திரங்களுக்கு இது சில்லறைக் காசாக இருக்கலாம். டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரியில் பாடும் 22 வயசுப் பெண்ணுக்கும் அவருக்கு வாசிக்கும் பையனுக்கும் அப்படி இல்லை. அவர் கச்சேரியை 40 பேர் வாங்கினால்கூட 10,000 ரூபாய் வரும், கலைஞர் பங்கு 7,500. சில இடங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் சன்மானம் ஆட்டோ, கால் டாக்சிக்கே சரியாகப் போய்விடுகிறது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பங்கு பிரிப்பதில் ஒரு வார்த்தை. பாடகருக்குப் பாதி, மற்ற எல்லோருக்கும் சேர்த்து மீதி என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விகிதத்தை விற்பனைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். நான் கொடுத்த 250இல் மிருதங்கக்காரருக்கு எவ்வளவு என்று வாங்கும்போதே தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை பிரதி விற்றது என்ற கணக்கைக் கலைஞர்களுக்கு அனுப்புங்கள்.

விற்றால் காப்பி அடித்துவிடுவார்களே? அடிப்பார்கள், சிலர். பர்மா பஜாரில் நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடி விற்ற ஊர் இது. ஆனால் கோப்பில் பூட்டுப் போட்டு அதைத் தடுக்க முடியாது. ஆப்பிளே 2009இல் தன் கடையில் விற்ற பாட்டுகளுக்குப் பூட்டை எடுத்துவிட்டது. பூட்டு உறுத்துவது காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான். போனை மாற்றினால் அவன் பாட்டு ஓடாது, திருட்டுப் பிரதி வைத்திருப்பவனுக்கு எங்கேயும் ஓடும். வாங்கியவர் பெயரைக் கோப்புக்குள் எழுதி வையுங்கள், ஆட்சேபணை இல்லை. தொலைத்துவிட்டால் மறுபடி எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். 2020 மார்கழியில் அரங்கம் மூடியிருந்தபோது இணையக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள்தான் நாங்கள். அன்றைக்கும் திருட்டு வழி இருந்தது.

உங்கள் அலமாரிகளில் பழைய ஸ்பூல் டேப்புகளும் கேசட்டுகளும் இருக்கும். சென்னை ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், உரியும். அவற்றை விற்பதா வேண்டாமா என்பது பிறகு. முதலில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பிரதி எடுத்துவிடுங்கள், இங்கே அந்தத் தரம் தேவைதான். விற்பனைக்கு வாரிசுகளின் சம்மதம் வாங்க நாளாகும். வெளியிட்ட இசைத்தட்டுகள் கதை வேறு: ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான் உரிமை, ஆகவே 1964 வரை வெளியான அரியக்குடி, ஜி.என்.பி. காலத்துத் தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. நல்ல ஊசியில் ஓட்டி, கரகரப்பை அதிகம் துடைக்காமல், எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு யாராவது கொடுத்தால் அதற்கும் காசு தருவோம். பழைய ஒலிப்பதிவு நிறுவனக்காரர்கள் உங்களுக்குப் பழக்கமானவர்கள். மூல டேப் அவர்களிடம் இருக்கும்போது, எங்கிருந்தோ எடுத்து, சுருதி அரைக்கால் கட்டை ஏறிப்போன பிரதியை ஏன் செயலிகளில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த முறை பார்க்கும்போது கேளுங்கள்.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த ஊரில் நேற்று நடந்த கச்சேரியை இன்று முறையாக விலைக்கு வாங்க முடியவில்லை.

எல்லாக் கச்சேரிகளையும் இந்த வருடமே விற்கச் சொல்லவில்லை. டிசம்பரில் சாயங்காலம் பத்து, மத்தியானம் பத்து என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். சபாக்கள் தனித்தனியாகக் கடை போடாமல் எல்லோரும் சேர்ந்து ஒரே இணையதளம் வைத்தால் எங்களுக்குத் தேடும் வேலை மிச்சம், உங்களுக்குச் செலவு மிச்சம். புரோகிராம் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் எந்தெந்தக் கச்சேரி விற்பனைக்கு வரும் என்று முடிவு செய்துவிட்டால், பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடலாம். ராகம், தாளம், இயற்றியவர் பெயர்களைச் சரிபார்த்துக் கோப்பில் ஏற்ற ஆள் வேண்டுமென்றால் ரசிகர்களைக் கூப்பிடுங்கள், கூலி இல்லாமல் வருவோம். புரோகிராம் புத்தகத்தில் ராகத்தைத் தப்பாகப் போட்டால் மறுநாளே உங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நாங்கள்தானே.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு ரசிகன்